எண்ணெயா, எனாமலா, அக்ரிலிக்கா: கடலோரத்து மாடல்காரருக்கு எந்த வாஷ்?

பிளாஸ்டிக் மாடலுக்கு அடிப்படை வண்ணம் அடித்து முடித்ததும் ஒரு சங்கடம் வரும். வண்ணம் சீராக விழுந்திருக்கும், ஒரு பிசிறு இருக்காது. ஆனாலும் பொருள் பொம்மையாகவே தெரியும். 1/72 அளவு விமானத்தில் (நிஜ நீளத்தில் 72இல் ஒரு பங்கு) தகடுகள் சேரும் கோடு முடியளவுதான் இருக்கிறது. அறை விளக்கின் ஒளி அதற்குள் பார்க்கத்தக்க நிழல் எதையும் உண்டாக்குவதில்லை. அந்த நிழலைக் கொண்டுவருவதற்குத்தான் வாஷ்: நிறம் குறைவாகவும் கரைப்பான் மிகுதியாகவும் கலந்த, தண்ணீர்போல் ஓடும் வண்ணம். தூரிகை நுனியால் கோட்டில் ஓரிடத்தில் தொட்டால் போதும், பள்ளமே அதை இழுத்துக்கொண்டு ஓடும்.

எந்த வாஷ் என்பதுதான் கேள்வி. டியூபில் வரும் ஓவிய எண்ணெய் வண்ணத்தை நாமே டர்பன்டைனில் கரைத்துக்கொள்ளலாம். புட்டியில் தயாராக வரும் எனாமல் வாஷ் வாங்கலாம். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வாஷ் வாங்கலாம். காணொளிகளில் ஒவ்வொன்றுக்கும் தீவிர பக்தர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் குளிர்ந்த, வறண்ட அறைகளில் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. புதுச்சேரியிலும் கடலூரிலும் ஆண்டின் பெரும்பகுதி காற்றே ஈரமாக இருக்கிறது. மே மாதத்திலோ வைத்த துளி கண்ணெதிரே காய்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விமானம், டாங்கி, கப்பல் கட்டுபவர் எண்ணெயில் தொடங்கட்டும். மனித உருவங்களை மட்டும் செய்பவருக்கு அக்ரிலிக். எனாமல் வாஷ் நல்ல பொருள்தான், ஆனால் முதலில் வாங்க வேண்டிய பொருள் இல்லை.

கீழே என்ன வண்ணம்?

புட்டியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், மாடலின் மேல் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். வாஷின் கரைப்பான் கீழுள்ள வண்ணத்தைக் கரைக்கக் கூடாது. இந்த ஒரு விதி தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

வல்லேஹோ போன்ற, தண்ணீரில் கரைத்து அடிக்கும் அக்ரிலிக் வண்ணம் நன்றாகக் காய்ந்துவிட்டால் டர்பன்டைன் அதை ஒன்றும் செய்யாது. அதன் மேல் எண்ணெய், எனாமல் இரண்டையும் தாராளமாகப் போடலாம். தமியாவின் எக்ஸ், எக்ஸ்எஃப் வரிசை வண்ணங்களும் அக்ரிலிக்தான் என்றாலும் அவை ஆல்கஹாலில் கரையும். எனவே தண்ணீர் வாஷ் ஓடவில்லையே என்று அதில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைச் சேர்ப்பவர்கள் தமியா வண்ணத்தின் மேல் அதைச் செய்யக் கூடாது. வாஷோடு அடிவண்ணமும் சேர்ந்து வந்துவிடும். ஹம்ப்ரோல் எனாமலோ, ஹார்டுவேர் கடையில் வாங்கிய சிறிய டின் எனாமலோ அடித்திருந்தால் நிலைமை தலைகீழ்: டர்பன்டைன் அதை இளக்கும், ஆகவே அங்கே அக்ரிலிக் வாஷ்தான் பாதுகாப்பு. லாக்கர் வகை வண்ணம் அடித்தவருக்குக் கவலை இல்லை. நன்றாகக் காய்ந்த லாக்கர் இரண்டையும் தாங்கும்.

எந்தக் குழப்பமாக இருந்தாலும் நடுவில் ஒரு வார்னிஷ் அடுக்கு அதைத் தீர்த்துவிடும். பளபளப்பான வார்னிஷ் மேல் வாஷ் கோட்டுக்குள் ஓடும், வெளியே சிந்தியதைத் துடைத்தால் தடமின்றிப் போகும். மேட், அதாவது பளபளப்பில்லாத, பரப்பு நுண்ணளவில் கரடுமுரடானது. வாஷ் அங்கேயே ஊறிப் பிடித்துக்கொள்ளும், பரப்பு முழுவதும் அழுக்கேறியதுபோல் ஆகும். விமானத்துக்கு அது கேடு. சேற்றில் உழன்ற டாங்கிக்கோ அதுவே வேண்டியதாக இருக்கலாம். நான் விமானத்துக்குப் பளபளப்பும், டாங்கிக்கு அரைப்பளபளப்பும் அடிக்கிறேன்.

பழைய அச்சில் வார்த்த கிட்டாக (பகுதிகளாகப் பெட்டியில் வரும் மாடல்) இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல பழைய கிட்களில் தகட்டுக் கோடுகள் பள்ளமாக இல்லாமல் மேடாக இருக்கும். அவற்றில் வாஷ் இருபுறமும் ஒதுங்கி, ஒரு கோட்டுக்கு இரண்டு அழுக்குக் கோடுகளாக நிற்கும். எந்தப் புட்டியும் அங்கே உதவாது. உலர்ந்த தூரிகையால் மேட்டை மட்டும் இலேசாகத் தேய்த்து வெளுப்பாக்குவதே வழி.

எண்ணெய் வாஷ்

இதன் முதல் நன்மை, கைக்கு எட்டும் பொருள் என்பது. ஓவியம் படிக்கும் பிள்ளைகள் உள்ள ஊர் புதுச்சேரி. அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடமே இருக்கிறது. கேமல் எண்ணெய் வண்ண டியூப்கள் ஓவியப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும், கடலூரிலும் பெரிய எழுதுபொருள் கடையில் கேட்டுப் பார்க்கலாம். இறக்குமதி வாஷ் புட்டி ஒன்றின் விலைக்கு இத்தகைய டியூப்கள் பலவற்றை வாங்கிவிடலாம். ஒரு டியூப் எத்தனை மாடலுக்கு வரும் என்று கணக்கிடுவதே வீண். ஒரு விமானத்துக்குத் தேவைப்படுவது கடுகளவு.

இரண்டாவது நன்மை நேரம். ஆளி விதை எண்ணெயில் அரைத்த வண்ணம் இது. தண்ணீர்போல் ஆவியாகிக் காய்வதில்லை; டர்பன்டைன் போன பின்னும் மிச்சமுள்ள எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மெல்ல இறுகுகிறது. வாஷ் போட்டு, சாப்பிட்டு, தூங்கி எழுந்து, மறுநாள் காலையில்கூடப் பிடிக்காத இடத்தை டர்பன்டைன் தொட்ட தூரிகையால் துடைத்துவிடலாம். வேலை முடிந்து வந்து இரவில் உட்காருபவருக்கு இதைவிடப் பெரிய சலுகை கிடையாது.

இதன் கெடுதலும் அதே நேரம்தான். அடுத்த அடுக்குக்கு ஒரு நாள், இரண்டு நாள், மழைக்காலத்தில் இன்னும் அதிகம் காத்திருக்க வேண்டும். இதைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, டியூபிலிருந்து பிதுக்கிய வண்ணத்தை நேராகக் கரைக்காமல், அட்டைப்பெட்டியின் ஒரு துண்டில் ஒரு மணி நேரம் வைப்பது. அட்டை உபரி எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். சுற்றிலும் எண்ணெய் வளையம் விரிவதைப் பார்க்கலாம். மிச்சமுள்ள வண்ணம் விரைவாகவும் பளபளப்பின்றியும் காயும்.

இன்னொரு வழி நிறத்தேர்வில் இருக்கிறது. பர்ன்ட் அம்பர், ரா அம்பர் ஆகிய மண்ணிறங்களில் இயற்கையாகவே மாங்கனீசு இருக்கிறது. அது எண்ணெய் இறுகுவதைத் துரிதப்படுத்தும். ஐவரி பிளாக், லேம்ப் பிளாக் போன்ற கருப்புகள் எண்ணெயில் மிகத் தாமதமாகக் காய்பவை. ஆகவே கடலோரத்தில் வாஷுக்குக் கருப்பை விட்டு அம்பரை எடுப்பது அழகுக்கும் நல்லது, காலத்துக்கும் நல்லது. டியூபின் பின்புறம் நிறமியின் குறியீடு இருந்தால் பாருங்கள்: பிபிஆர்7 என்றிருந்தால் அது இயற்கை இரும்பு மண் வகை. பல நிறமிகளைக் கலந்து அம்பர்போல் ஆக்கிய மாணவர் தர வண்ணத்தில் இந்த மாங்கனீசு இல்லாமல் போகலாம்.

அழகுக்கு நல்லது என்றது வெறும் பேச்சில்லை. டூமா வீதியில் நடந்து மஞ்சள் சுவர்களை அண்ணாந்து பாருங்கள். கூரை விளிம்புக்குக் கீழே மழைநீர் இறங்கிய தடங்கள் தூரத்தில் கருப்பாகத் தோன்றும், கிட்டே போனால் பழுப்பும் பச்சையும் சாம்பலும் கலந்திருக்கும். மஞ்சள் மேல் கருங்கோடு போட்ட மாடல் பென்சில் படமாகத் தெரிவது இதனால்தான். அடிவண்ணத்தின் இருண்ட உறவினரைத் தேடுங்கள்: மணல் நிறத்துக்கு அம்பர், பச்சைக்குக் கரும்பழுப்பு, கடற்படைச் சாம்பலுக்கு நீலச்சாயல் கொண்ட பேய்ன்ஸ் கிரே. வெள்ளைக்கு நடுத்தரச் சாம்பலே அதிகம்.

கலவை விகிதம்: வண்ணம் ஒரு பங்கு, டர்பன்டைன் எட்டிலிருந்து பத்துப் பங்கு. கோட்டைத் தொட்டதும் ஓடினால் சரி. தொட்ட இடத்திலேயே நின்றால் இன்னும் கரைக்க வேண்டும்.

ஹார்டுவேர் கடையில் கவனம்

எண்ணெய் வாஷைத் தேர்ந்தவருக்கு ஆபத்து இங்கேதான் காத்திருக்கிறது. பெயின்ட் கடையில் போய் "அண்ணே, பெயின்ட் கரைக்க ஏதாவது கொடுங்கள்" என்று கேட்டால், கிடைப்பது டர்பன்டைனாகவும் இருக்கலாம், தின்னராகவும் இருக்கலாம். வீட்டு எனாமலுக்கான மினரல் டர்பன்டைன் பெட்ரோலியத்திலிருந்து வடித்தது, மென்மையானது. மரச்சாமான் லாக்கருக்கும் கார் பெயின்டுக்கும் விற்கும் தின்னரில் டொலுவீன் போன்ற கடுமையான கரைப்பான்கள் இருக்கின்றன. பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கையே அது கரைத்துவிடும். பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வாங்கி வந்ததும் கிட்டிலிருந்து வெட்டி எறிந்த சட்டத்தின் ஒரு துண்டில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். பரப்பு பிசுபிசுத்தால் அந்தப் புட்டி மாடல் மேசைக்கு வரக் கூடாது.

ஓவியக் கடையில் விற்கும் டர்பன்டைன் பைன் மரப் பிசினிலிருந்து வடித்ததாக இருக்கலாம். அது சற்று வீரியமானது, மணமும் தூக்கல். சட்டத்துண்டுச் சோதனை அதற்கும் பொருந்தும். மண்ணெண்ணெய் போதாதா என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். போதாது. அது ஆவியாகச் சுணங்கும், எண்ணெய்ப் பிசுக்கை விட்டுப்போகும், அதன் மேல் வார்னிஷ் பிடிக்காது.

எதுவாக இருந்தாலும் சன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆளி எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். நாம் பயன்படுத்தும் அளவு சிறிது என்றாலும் விரித்துக் காயவைத்து எறிவது பழக்கமாகட்டும்.

எனாமல் வாஷ்

தமியாவின் பேனல் லைன் அக்சென்ட் 40 மில்லி புட்டியில், மூடியோடு சேர்ந்த மெல்லிய தூரிகையுடன் வருகிறது. குலுக்கி, திறந்து, தொட்டு, ஓடவிட்டு, அரை மணி கழித்து எனாமல் தின்னர் (மேலே சொன்ன லாக்கர் தின்னர் அல்ல) தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்தால் வேலை முடிந்தது. ஏகே இன்டராக்டிவ், அம்மோ நிறுவனங்களின் வாஷ்களிலும் பெரும்பாலானவை எனாமல்தான். கலக்கும் தொல்லை இல்லை, ஒவ்வொரு முறையும் ஒரே நிறம், எண்ணெயைவிடச் சீக்கிரம் காயும். ஆண்டுக்கு ஒரு விமானம் கட்டும் ஒருவர் டியூபும் அட்டையும் விகிதமும் கற்றுக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்றால் நான் மறுக்க மாட்டேன்.

தடை இரண்டு. நம் ஊரில் கடைக்குள் நுழைந்து எடுத்து வரும் பொருளாக அது இல்லை. இணையத்தில் வரவழைத்து, வரும்வரை காத்திருக்க வேண்டும். பெரிய தடை இரண்டாவது: வண்ணமோ பிரைமரோ (வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) இல்லாத வெறும் பிளாஸ்டிக்கில் எனாமல் தின்னர் தேங்கினால், இழுவிசையில் இருக்கும் பகுதி விரிசல்விட்டு உடையும். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் இது இன்னும் மோசம். விமானத்தின் சக்கரக் கால்கள், இறக்கையின் வேர்ப்பகுதி எல்லாம் இப்படிப் போயிருக்கின்றன.

குண்டம் ரோபோ கிட் கட்டும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். அவர்கள் பெரும்பாலும் வண்ணமே அடிப்பதில்லை. பசையின்றிச் சொடுக்கிச் சேர்த்த பகுதிகள் எப்போதும் இறுக்கத்திலேயே இருக்கின்றன. மூட்டுகளில் ஏபிஎஸ் இருக்கலாம். எனாமல் வாஷுக்கு இதைவிடப் பொருந்தாத இடம் வேறில்லை. பகுதிகளைக் கழற்றி, வார்னிஷ் அடித்து, பிறகு வாஷ் போடலாம். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் கோடு போடும் மெல்லிய பேனாவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அக்ரிலிக் வாஷ்

நாற்றமில்லை, தீப்பிடிக்காது, தூரிகையைக் குழாயடியில் கழுவலாம், குழந்தைகள் உள்ள வீட்டில் அச்சமின்றி வைக்கலாம். இவ்வளவு இருந்தும் விமானத்துக்கு நான் இதைப் பரிந்துரைக்காததற்குக் காரணம் தண்ணீரின் இயல்பு. அதன் பரப்பு இழுவிசை மினரல் டர்பன்டைனைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. பளபளப்பான பரப்பில் அது கோட்டுக்குள் ஓடாமல் முத்துமுத்தாகத் திரண்டு நிற்கும். பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளியின் சிறுபகுதியைச் சேர்த்தால் இளகும், ஆனால் அதிகமானால் நுரைக்கும்.

அடுத்தது கறைவட்டம். துளி விளிம்பிலிருந்து உள்நோக்கிக் காயும்போது நிறமி விளிம்புக்கு அடித்துச் செல்லப்படுகிறது. காப்பித் தம்ளர் மேசையில் விட்டுப்போகும் வளையம் மாதிரி ஒரு தடம் மிஞ்சும். அக்னி நட்சத்திர வெயிலில், மின்விசிறியின் கீழே, இது நிமிடங்களில் நடந்துவிடும். காய்ந்த அக்ரிலிக் மறுபடி தண்ணீரில் கரையாது. துடைக்க வாய்ப்பே இல்லை. மேலே வண்ணம் பூசி மறைக்க வேண்டியதுதான். மே மாதத்தில் அக்ரிலிக் வாஷ் போடுபவர் மின்விசிறியை அணைத்துவிட்டு வியர்வையில் உட்கார வேண்டியிருக்கிறது.

மனித உருவம் வேறு கதை. துணி மடிப்பு, முடி, சங்கிலிக் கவசம், முகச்சுருக்கம் என்று எங்கும் மேடுபள்ளம். தட்டைப் பரப்பே இல்லாததால் கறைவட்டம் தெரிய இடமில்லை. சிட்டடெல் என்ற வண்ண வரிசையின் நல்ன் ஆயில், அக்ராக்ஸ் எர்த்ஷேட் போன்றவை இந்த வேலைக்கென்றே வந்தவை. நல்ன் ஆயில் என்ற பெயரில் எண்ணெய் இருந்தாலும் அது தண்ணீர் வாஷ்தான். ஒரே மாலையில் வாஷ் போட்டு, காய்ந்ததும் மேடுகளை வெளுப்பாக்கி, உருவத்தை முடித்துவிடலாம். எண்ணெயோடு இந்த வேகத்தைக் கனவிலும் பார்க்க முடியாது. அதே சிட்டடெலில் 2019இல் வந்த கான்ட்ராஸ்ட் வண்ணங்கள் அடிவண்ணம், நிழல் இரண்டையும் ஒரே பூச்சில் தர முயல்பவை. மேசைப் போர் விளையாட்டுக்கான உருவப் படைகளுக்கு அவை போதும், டாங்கியின் பக்கத்தகடு போன்ற பெரிய தட்டைப் பரப்பில் திட்டுத்திட்டாகும்.

பழகுபவர்களுக்கு ஒரு மலிவான வழி: பள்ளிக்கூடத்துப் போஸ்டர் கலர். அது காய்ந்த பின்னும் தண்ணீரில் இளகும் என்பதால், பளபளப்பான வார்னிஷ் மேல் தாராளமாகப் பூசி, காயவிட்டு, ஈரக் காகிதத்தால் துடைத்தால் கோடுகளில் மட்டும் நிற்கும். பிடிக்கவில்லையென்றால் முழுவதையும் கழுவிவிடலாம். வெளிநாட்டில் களிமண் வாஷ் என்று விற்பதன் நடத்தை ஏறக்குறைய இதுவே. வார்னிஷ் அடித்து மூடாமல் விட்டால் மாத்திரம் நம் ஊர் ஈரத்தில் அது நம்பத்தக்கதல்ல.

சாயல் ஏற்றுவது

வாஷ் பள்ளத்துக்கு, ஃபில்டர் பரப்பு முழுவதற்கும். வாஷைவிட இன்னும் நீர்த்த, ஏறக்குறைய அழுக்குத் தண்ணீர் போன்ற கலவையில் தூரிகையை நனைத்து, காகிதத்தில் ஒற்றி, ஈரப்பசை மட்டும் இருக்கும்போது பரப்பில் தடவினால் அடிவண்ணத்தின் சாயல் மாறும். தேங்கக் கூடாது, தேங்கினால் அது வாஷ் ஆகிவிட்டது. இதற்குப் பளபளப்பு வேண்டாம், மேட் அல்லது அரைப்பளபளப்பே பிடிக்கும்.

இந்த வேலையில் எண்ணெய்க்கு நிகர் எதுவுமில்லை. ஒரே பச்சையாக இருக்கும் 1/35 டாங்கியின் பக்கத்தில் வெள்ளை, ஓக்கர், நீலம் எனக் குண்டூசித் தலையளவு புள்ளிகள் வைத்து, டர்பன்டைன் ஈரத் தூரிகையால் மழைநீர் இறங்கும் திசையில் இழுத்துக் கரைத்துவிடுங்கள். நிறங்கள் தனித்தனியாகத் தெரியக் கூடாது, பச்சையின் நடுவே இலேசான வேறுபாடு மட்டும் தெரிய வேண்டும். சில நிமிடங்களில் காய்ந்துவிடும் அக்ரிலிக்கில் இதைச் செய்ய முயல்பவர் தன்னையே தண்டித்துக்கொள்கிறார்.

பாய்மரக் கப்பல் கட்டுபவருக்கு இது இன்னும் பயன்படும். 1783 ஜூன் 20 அன்று கடலூருக்கு வெளியே சுஃப்ரேனின் பிரெஞ்சுக் கப்பல்கள் ஹ்யூஸின் ஆங்கிலக் கப்பல்களோடு மோதின. அந்தச் சுஃப்ரேன் பெயரில் புதுச்சேரியில் வீதியே இருக்கிறது. அந்தக் காலத்துக் கப்பல் ஒன்றைக் கட்டும் ஆசை இந்தக் கரையில் எழுவது இயற்கை. மேல்தளத்தைப் பழுப்பு மஞ்சளாக அடித்து ஒரே வாஷில் முடித்தால் பிளாஸ்டிக்காகவே நிற்கும். வெயிலும் உப்பும் பட்ட மரம் சாம்பல் பக்கம் சாயும். பலகைகளில் சிலவற்றுக்கு ரா அம்பர், சிலவற்றுக்குச் சாம்பல், சிலவற்றுக்கு ஒன்றுமில்லை என்று ஃபில்டர் கொடுத்து, காய்ந்த பின் இடுக்குகளுக்கு மட்டும் வாஷ் விட்டால் பலகை பலகையாகப் பிரிந்து தெரியும்.

ஒளி ஊடுருவும் தமியா அக்ரிலிக்குகளும் சாயலுக்கு உதவும்: எக்ஸ்-19 ஸ்மோக், எக்ஸ்-23 நீலம், எக்ஸ்-26 ஆரஞ்சு. ஏர்பிரஷ் (காற்றால் வண்ணம் தெளிக்கும் கருவி) உள்ளவர் புகைபோக்கியின் வெந்த உலோகத்துக்கு ஆரஞ்சின் மேல் நீலத்தை மெல்லியதாக அடித்துப் பார்க்கலாம். தூரிகையால் தடவினால் கோடுகோடாகும்.

மழைக்காலக் கணக்கு

அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததுபோன்ற நாட்களைச் சொல்லவில்லை. சாதாரண மழைநாளில்கூட ஸ்ப்ரே டின் வார்னிஷ் அடித்தால் பால்போல் வெளுத்துவிடக்கூடும். கரைப்பான் விரைந்து ஆவியாகிப் பரப்பைக் குளிர்விக்க, காற்றின் ஈரம் அதன் மேல் படிவதுதான் காரணம். ஆகவே மழைக்காலத்தில் வாஷ் வேண்டும் என்றால் பளபளப்பான வார்னிஷைச் செப்டம்பரிலேயே அடித்து வைத்துவிடுங்கள், அல்லது தண்ணீரில் கரையும் வார்னிஷைத் தூரிகையால் பூசுங்கள். எண்ணெய் வாஷுக்கு ஏர்பிரஷை இயக்கும் கம்ப்ரசரும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். வாஷ் போட்ட மாடலைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் வைத்தால் தூசியும் ஒட்டாது.

மழை ஓய்ந்த ஒரு காலையில் கடலூர் துறைமுகத்துக்குப் போய் விசைப்படகுகளைப் பாருங்கள். துரு இரும்பு உள்ள இடத்தில் தொடங்குகிறது: நங்கூரத் துளை, போல்ட் தலை, டயரைக் கட்டிய சங்கிலி. தொடங்குமிடத்தில் அடர்ந்து, கீழே போகப் போக மெலிந்து, நீர்மட்டத்துக்கு முன்பே பெரும்பாலும் காணாமல் போகிறது. மாடலில் இதற்கு பர்ன்ட் சியன்னாவின் ஒரு புள்ளியைப் போல்ட்டின் கீழே வைத்து, டர்பன்டைனில் தோய்த்து நன்றாக ஒற்றிய தட்டைத் தூரிகையால் ஒரே இழுப்பில் கீழே கொண்டுவர வேண்டும். அகலமாகிவிட்டால் இருபுறமும் சுத்தமான தூரிகையால் ஒதுக்கி மெலிதாக்கலாம். மறுநாள்வரை அவகாசம் இருக்கிறது. எல்லாப் போல்ட்டுக்கும் ஒரே நீளத்தில் இழுக்காதீர்கள். மேட் வார்னிஷை அடிப்பதற்கு முன், தெரியாத ஓரத்தில் விரலால் தொட்டு எண்ணெய் ஒட்டவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். மழைக்காலத்தில் அதற்கு ஒரு வாரம்கூட ஆகலாம்.